பட்ஜியா, காக்டெயிலா, புறாவா: மொட்டைமாடியில் எதை வளர்த்தால் கட்டுப்படி ஆகும்?

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடிக்கு வந்து, ஒவ்வொரு கூண்டாக எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கையில பதினஞ்சாயிரம் இருக்கு. லவ் பேர்ட்ஸ் வாங்கட்டுமா, காக்டெயில் வாங்கட்டுமா, இல்ல கொஞ்சம் கடனப் போட்டு ஒரே ஜோடியா சன் கனூர் வாங்கிடட்டுமா?" என்றார். லவ் பேர்ட்ஸ் என்று அவர் சொன்னது பட்ஜியை. காக்டெயில் கொண்டை வைத்த சின்னக் கிளி, சன் கனூர் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும் விலை உயர்ந்த கிளி.

"எங்கப்பா விப்ப?" என்று கேட்டேன்.

"அதான் எல்லாக் கடையிலயும் எடுத்துக்குறாங்களே!"

நானும் முதலில் இப்படித்தான் சொல்லிக்கொண்டு இறங்கினேன். குஞ்சு எடுப்பதுதான் கஷ்டம், விற்பது தானாக நடக்கும் என்று நினைப்பு. நடந்தது நேர்மாறு. இந்தத் தொழிலில் பறவை தானாகப் பெருகும், வாங்குகிறவர்தான் தானாக வரமாட்டார். அதனால் எந்தப் பறவை என்ற கேள்வியை விற்கும் இடத்திலிருந்து பின்னோக்கித்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு அந்தத் தம்பியிடம் பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டு மாடியிலோ பால்கனியிலோ பத்துக் கூண்டுக்குள் செய்ய நினைப்பவர்களுக்கானது இது. பண்ணை போடுகிறவர்களின் கணக்கு வேறு.

## பறவைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

விற்கும் இடம். வாராவாரம் பைக்கில் போய்க் கொடுத்துவிட்டு வரும் தூரத்தில் எத்தனை கடை இருக்கிறது? சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட் உண்டு, பிராட்வே உண்டு. சின்ன ஊரில் இரண்டே கடை என்றால், இரண்டு பேரும் "இப்போ வேணாம், அடுத்த மாசம் பார்ப்போம்" என்று சொல்லும் நாள் கட்டாயம் வரும். கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் விலையில் பாதி உங்கள் கைக்கு வந்தால் நல்ல கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வாடகை, தீனி, கடையில் சாகும் பறவை எல்லாம் அவர் கணக்கில் ஏறுகிறது.

பகலில் வீட்டில் யார்? காலை ஒன்பதுக்குப் போய் இரவு எட்டுக்கு வருகிறவரா? பகலில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தால் நிமிர்த்தி வைக்க அம்மாவோ மனைவியோ இருக்கிறார்களா? அவர்களுக்கு இதில் விருப்பம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

அக்கம்பக்கம். வாடகை வீடா, சொந்த வீடா? சுவருக்கு அந்தப் பக்கம் இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் இருக்கிறாரா?

ஆண் பெண் தெரியுமா? பார்த்ததும் தெரியும் பறவை ஒரு ரகம். டிஎன்ஏ சோதனைக்கு இறகு அனுப்பினால்தான் தெரியும் என்பது இன்னொரு ரகம். இந்த வித்தியாசத்தில் ஒரு வருடம் வீணாகப் போகும். எனக்குப் போனது, கீழே சொல்கிறேன்.

சட்டம். இதைக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன். கடைசியில் இருப்பதால் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| பறவை | ஓர் ஈட்டுக்கு (ஒரு தடவைக்கு) முட்டை | அடை (நாள்) | கூட்டை விட்டு வர (நாள்) | ஆண் பெண் | சத்தம் | ஜோடி சேர்க்கும் வயது |
|---|---|---|---|---|---|---|
| பட்ஜி | 4–6 | 18 | 30–35 | மூக்கு நிறத்தில் தெரியும் | ஓயாத கலகலப்பு | 10–12 மாதம் |
| காக்டெயில் | 4–6 | 18–21 | 30–35 | சாம்பல் நிறத்தில் முதல் இறகு உதிர்ந்தபின் | காலை, மாலை விசில் | ஒன்றரை வருடம் |
| ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் | 4–6 | 21–23 | 40–45 | கண்ணுக்குத் தெரியாது | கீச்சென்று காதில் ஏறும் | 10–12 மாதம் |
| ஜீப்ரா ஃபிஞ்ச் | 4–6 | 12–14 | 18–21 | கன்னத்தில் தெரியும் | மிக மெல்லியது | 6–9 மாதம் |
| புறா | 2 | 17–18 | 28–35 | பழகினால் தெரியும் | குனுகல் | 6–8 மாதம் |
| சன் கனூர் | 3–5 | 23–24 | 50–56 | கண்ணுக்குத் தெரியாது | தெருவுக்கே கேட்கும் | 2 வருடம் |

அட்டவணையைப் பார்த்தால் ஜீப்ரா ஃபிஞ்சும் பட்ஜியும் ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும். வேகமாகப் பெருகும் பறவைக்கு விலை குறைவு. அதை ஊரில் எல்லோரும் வளர்க்கிறார்கள் என்பதும் அதே காரணத்தால்தான்.

## பட்ஜி: நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடுவது

கடையில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது இதைத்தான். ஆஸ்திரேலியப் பறவை. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, அதைப் பிரித்துச் சொல்லத்தான் "ஆப்பிரிக்கன்" என்று முன்னால் சேர்க்கிறோம்.

தொடங்குவதற்கு இதைவிட எளிய பறவை இல்லை. மண்பானையை மாட்டினால் உள்ளே போய்விடும். தினையும் தண்ணீரும் கடல்நுரையும் (கணவாய் ஓடு) கொஞ்சம் முருங்கைக்கீரையும் போதும். மூக்கின் மேல் சதை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பேறினால் பெண். லூட்டினோ, அல்பினோ போன்ற வெளிர் ரகங்களில் மட்டும் ஆணின் மூக்கு இளஞ்சிவப்பாகவே நிற்கும், குழம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய கூண்டில் விட்டு வளர்ப்பவர்கள் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். பெண் ஒன்றுகூட அதிகமாக இருக்கக் கூடாது. ஜோடியில்லாத பெண் அடுத்தவள் பானைக்குள் புகுந்து முட்டையை உருட்டித் தள்ளும், குஞ்சைக் கொத்திக் கொல்லும். ஜோடிக்கு இரண்டு பானை, எல்லாப் பானையும் ஒரே உயரம். உயரத்தில் மாட்டிய பானைக்கு அடிதடியே நடக்கும்.

இப்போது கணக்கு. பத்து ஜோடி, ஒவ்வொன்றும் வருடத்துக்கு மூன்று ஈடு, ஈட்டுக்கு நான்கு குஞ்சு: 120. கூமுட்டை போக, கடைசியாகப் பொரித்த குட்டி மிதிபட்டுச் சாவது போக, 100 தேறுகிறது என்று வையுங்கள். 50 ஜோடி. கடைக்காரர் ஜோடி 250க்கு எடுத்தால் 12,500 ரூபாய்.

தீனிக்கு வருவோம். சிந்துவதையும் சேர்த்து ஒரு பறவைக்கு நாளுக்கு 10 கிராம். தாய் தந்தை இருபதும் வருடத்தில் 73 கிலோ தின்னும். குஞ்சுகள் பொரித்ததிலிருந்து விற்கும் வரை தலைக்கு 600 கிராம் என்றால் 60 கிலோ. மொத்தம் 133 கிலோ. தினை கிலோ 60 ரூபாய் என்று போட்டால் 7,980. மீதி 4,520 ரூபாய். மாதத்துக்கு நானூறுகூட இல்லை. இதில் கூண்டு, பானை, மருந்து, பெட்ரோல் எதுவும் சேரவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஐம்பது பறவை விலை போகாமல் ஒரே ஒரு மாதம் கூண்டில் நின்றால் 900 ரூபாய்த் தினை போய்விடும். இரண்டு மாத லாபம் அது.

உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். விலை மாறலாம், கணக்கின் உருவம் மாறாது.

அப்படியானால் பட்ஜி வேண்டவே வேண்டாமா? இரண்டு பேருக்கு நல்லது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் நேரடியாக ஜோடி 450க்கு விற்க முடிகிறவருக்கு அதே பத்து ஜோடி 14,500 ரூபாய் மிச்சம் தரும். மற்றவர், இதுவரை பறவையே வளர்த்திராதவர். அவருக்கு இரண்டு ஜோடி பட்ஜி ஒரு வருடப் படிப்பு. டார்ச் அடித்து முட்டையில் கரு பிடித்ததைச் சொல்லும் சிவப்பு நரம்பு பார்க்க, முட்டை அடைத்துக்கொண்டு தரையில் உப்பி உட்கார்ந்திருக்கும் பெண்ணை அடையாளம் காண, எறும்பைத் தடுக்க எல்லாம் இதிலேயே கற்றுக்கொள்ளலாம். விலை உயர்ந்த பறவையில் கற்றுக்கொண்டால் ஃபீஸ் அதிகம்.

எறும்பு என்றதும் நினைவு வருகிறது. பானைக்குள் ஒரு முட்டை உடைந்தால் போதும், காலையில் பார்க்கும்போது குஞ்சின் கண்ணைச் சுற்றிச் சிவப்பெறும்பு மொய்த்திருக்கும். கூண்டு ஸ்டாண்டின் நான்கு காலுக்கும் அடியில் கொட்டாங்குச்சி வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் கொடிக்கயிறு வழியாக வந்தது. என் மனைவி துணி உலர்த்த அந்தக் கயிற்றைக் கூண்டுக் கம்பியில் கட்டியிருந்தாள். கயிறை அவிழ்த்த பிறகுதான் அந்த வருடம் குஞ்சு தங்கியது.

## காக்டெயில்: என் ஓட்டு இதற்கு

இந்த மாடியில் இன்றைக்கு எனக்குச் சோறு போடுவது என்று சொல்ல முடியாவிட்டாலும், தன் சோற்றுக்கும் பட்ஜிகளின் சோற்றுக்கும் சேர்த்து சம்பாதிப்பது காக்டெயில்தான்.

நான்கு ஜோடி, வருடத்துக்கு இரண்டே ஈடு, கடைசியில் 24 குஞ்சு. கடைக்காரர் தலைக்கு 800க்கு எடுத்தால் 19,200. எட்டுப் பெரிய பறவைக்கும் குஞ்சுகளுக்கும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 100 கிலோ தீனி. சூரியகாந்தி விதை கொஞ்சம் கலந்தால் கிலோ 90 என்று 9,000. மீதி பத்தாயிரத்துச் சொச்சம். பட்ஜியைவிடக் குறைந்த கூண்டு, குறைந்த வாய், இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம். விற்கவேண்டியதும் ஐம்பது ஜோடி இல்லை, 24 பறவைதான். மாதம் இரண்டு பேரைக் கண்டுபிடித்தால் போதும்.

அப்பனும் ஆத்தாளும் ஷிப்ட் போட்டு அடை காக்கும் பறவை இது. பகலில் பெரும்பாலும் ஆண் உட்காரும், இரவில் பெண். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குடும்பம் நன்றாகப் புரியும்.

செலவு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் இடம் வேறு. முதலாவது காத்திருப்பு. குஞ்சாக வாங்கினால் ஜோடி சேர்க்க ஒன்றரை வயது ஆக வேண்டும். பருவம் வந்த ஜோடி என்று வாங்கினால் விலை கூடும், கூடவே "நல்லாக் குஞ்சு எடுக்குற ஜோடிய எதுக்கு விக்கிறீங்க?" என்ற கேள்வியும் வரும். அந்தக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் கூண்டைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது இரவு பயம். காக்டெயில் இருட்டில் சட்டென்று மிரளும். பூனை நிழலோ பல்லி விழும் சத்தமோ போதும், கூண்டு முழுக்க அடித்துக்கொண்டு பறந்து இறக்கையைக் கிழித்துக்கொள்ளும், முட்டை மேல் இருப்பது வெளியே ஓடி வந்து திரும்பப் போகாது. ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். கரண்ட் போனாலும் எரிகிற மாதிரி பேட்டரி விளக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது கைத்தீனி ஆசை. கையில் வந்து உட்காரும் குஞ்சுக்கு விலை அதிகம், உடனே போகும். அதனால் எல்லோரும் இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சைப் பெட்டியிலிருந்து எடுத்து சிரிஞ்சில் ஊட்டப் பார்க்கிறார்கள். அந்த வயதில் நாளுக்கு நான்கைந்து தடவை ஊட்ட வேண்டும். கூழ் 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். ஆறினால் இரைப்பையில் தங்கிப் புளிக்கும், சூடு ஏறினால் இரைப்பை வெந்து ஓட்டை விழும். தெர்மாமீட்டர் இல்லாமல் விரலை வைத்துப் பார்த்து ஊட்டி, ஒரே ஈட்டில் மூன்று குஞ்சைப் பறிகொடுத்தேன். மேல்தோல் சிவந்து, பிறகு கறுத்து, ஒருநாள் ஊட்டிய கூழ் மார்பு வழியாகவே வெளியே வந்தது. அதற்குப் பிறகு நான் கைத்தீனிக்குப் போகவில்லை.

பதிலாகச் செய்வது இது. குஞ்சைப் பெற்றோரிடமே விட்டுவிட்டு, இரண்டு வாரம் ஆனதிலிருந்து தினமும் மாலை இருபது நிமிடம் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்வது. ஊட்டுவது அதுகள் பாடு, பழக்குவது நம் பாடு. கைத்தீனிக் குஞ்சின் விலை முழுதாகக் கிடைக்காவிட்டாலும் முக்கால்வாசி கிடைக்கிறது. ஆபீஸ் போகிறவருக்கு இதுதான் தோது.

இரண்டு லூட்டினோவை ஜோடி சேர்க்காதீர்கள். கொண்டைக்குப் பின்னால் சொட்டை விழும் குணம் குஞ்சுகளில் கூடிக்கொண்டே போகும், வாங்குகிறவர் நோய் என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பார்.

## ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்: பொறுமைசாலிகளுக்கு

கூண்டுக்குள் பச்சைத் தென்னங்கீற்று ஒன்றைப் போட்டுவிட்டுப் பாருங்கள். இதில் பீச் ஃபேஸ் என்ற ரகத்துப் பெண் ஓலை ஓரத்தில் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் வரிசையாகக் கடித்துக்கொண்டே போகும். கடைசிக் கடியில் ஒரு நீள நாடா கழன்று வரும். அதைத் திருப்பி முதுகுப் பக்கம் இடுப்பு இறகுக்குள் செருகிக்கொள்ளும். அடுத்தது, அதற்கடுத்தது. ஐந்தாறு நாடா முதுகில் விசிறி போல் நிற்க, பாதி வழியிலேயே விழ, மீதியோடு பெட்டிக்குள் போகும். இதைப் பார்க்கவே வளர்க்கலாம். ஆனால் நாம் பேசுவது வியாபாரம்.

இதில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. நான் வாங்கிய முதல் ஜோடி ஒன்றையொன்று தலை கோதிவிட்டு, ஊட்டிக்கொண்டு, ஒரே பெட்டியில் தூங்கியது. முட்டை வைத்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறு, எட்டு, பத்து என்று எண்ணிக்கை ஏறியது. இவ்வளவு வைக்கிறதே என்று பெருமை வேறு. இருபத்தைந்து நாள் கழித்து டார்ச் அடித்தால் பத்தும் தெளிந்த கூமுட்டை. இரண்டும் பெண். விற்றவர், "ஜோடியாத்தானே சார் இருந்துச்சு?" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. டிஎன்ஏ அறிக்கையோடு வாங்குங்கள், அல்லது காலில் வளையம் போட்ட, வயது தெரிந்த குஞ்சுகளை வாங்கி நீங்களே இறகு அனுப்பிச் சோதியுங்கள்.

சண்டைக்காரப் பறவை. பட்ஜியோடு ஒரே கூண்டில் விடவே கூடாது, பக்கத்துக் கூண்டுக் கம்பியில் தொங்கும் பட்ஜியின் விரலைக்கூட எட்டிக் கடித்துத் துண்டாக்கும். கூண்டுக்கு ஒரு ஜோடிதான் என்பதால் இடமும் செலவும் கூடுகிறது.

லாபம் நிறத்தில் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். புதிய நிறம் ஒன்று வரும்போது ஒரு ஜோடிக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். எல்லோரும் வாங்கிக் குஞ்சு எடுத்ததும் அடுத்தடுத்த வருடங்களில் விலை படிப்படியாக இறங்கும். நீங்கள் வாங்கியது ஏறிய விலை, விற்பது இறங்கிய விலை. இரண்டு ரகத்தைக் கலந்து புதிதாக ஏதாவது எடுக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். பீச் ஃபேஸையும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள ஃபிஷர் ரகத்தையும் ஜோடி போட்டால் பிறக்கும் குஞ்சு மலடு. அதைத் தெரியாமல் ஒருவர் வாங்கி, அவர் இரண்டு வருடம் காத்திருப்பார்.

மரபியல் படிக்கப் பிடிக்கும், குறிப்பேடு எழுதும் பழக்கம் உண்டு, உடனே காசு பார்க்க அவசரம் இல்லை என்றால் இது நல்ல பறவை. நோட்டில் எழுதச் சோம்பல் என்றால் வேண்டாம்.

## ஜீப்ரா ஃபிஞ்ச்: சின்ன வீட்டுக்கு

அபார்ட்மெண்ட் பால்கனி, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, வீட்டு உரிமையாளர் கண்டிப்பானவர். இப்படி இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். பொம்மை ஹார்ன் மாதிரி மெல்ல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு இருக்கும், வெள்ளை ரகத்தில் அலகு ஆழ்ந்த சிவப்பாக இருப்பது ஆண்.

நிறுத்தாமல் முட்டை வைக்கும் என்பதுதான் இதன் பிரச்சினை. கூட்டைக் கழற்றி ஓய்வு கொடுக்காவிட்டால் பெண் இளைத்துச் செத்துப்போகும். முட்டை வைக்கத் தொடங்கியதும் கூண்டில் கிடக்கும் தேங்காய் நாரை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இருக்கும் முட்டையை மூடி அதன்மேல் இன்னொரு கூடு கட்டி அதிலும் முட்டை வைக்கும். நீள நூல் போடக்கூடாது, காலில் சுற்றிக்கொள்ளும். கம்பி இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் குஞ்சு வெளியே வந்துவிடும், பல்லியும் சுண்டெலியும் உள்ளே போய்விடும்.

வருமானம் பட்ஜி அளவுதான். தீனி அதைவிடக் குறைவு.

## புறா: ஆள் தெரிந்தவருக்கு

புறாவைக் கடையில் விற்று யாரும் பணம் பார்த்ததாக எனக்குத் தெரியாது. இது ஆட்களின் தொழில். வடசென்னையில் பந்தயப் புறா விடுகிறவர்கள், கர்ணம் போடும் புறாவை மணிக்கணக்கில் அண்ணாந்து பார்க்கிறவர்கள், லக்காப் புறாவின் விசிறி வாலில் இறகு எண்ணுகிறவர்கள் என்று அது தனி உலகம். எந்தத் தட்டில் (புறாக் கூட்டில்) வளர்ந்தது, அப்பன் எத்தனை கிலோமீட்டர் அடித்தது என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். அந்த வட்டத்துக்குள் உங்கள் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் இறங்கலாம். இல்லையென்றால் சாதாரணப் புறா குழம்புக்குக் கேட்கிறவர்களிடம்தான் போகும்.

ஓர் ஈட்டுக்கு இரண்டே முட்டை, ஆனால் குஞ்சு இருக்கும்போதே அடுத்த ஈடு வைத்துவிடும். பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாள் இரண்டு பெற்றோரும் இரைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வீடு திரும்பும் பந்தயப் புறாவான ஹோமர் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: வளர்ந்த பறவையை விற்றால், வாங்கியவர் திறந்துவிட்ட அன்றைக்கே உங்கள் மாடிக்குத் திரும்பி வந்து நிற்கும். அதனால் பறக்கத் தொடங்காத குஞ்சைத்தான் கேட்பார்கள். அதுவும் நமக்கு நல்லது, தீனிச் செலவு மிச்சம்.

மறைந்திருக்கும் செலவு நம் நுரையீரல். புறாத் தூசியும் எச்சமும் வருடக்கணக்கில் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் இறுகிப்போகும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் புறா வேண்டாம். கழுத்துத் திருகல் நோய் வந்தால் ஒரு தட்டு முழுக்கப் பரவும், தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

## சன் கனூர்: இரண்டாவது மாடிக்குப் போன பிறகு

அழகு என்றால் அழகு. கயானாவும் வடக்கு பிரேசிலும் சொந்த ஊர், அங்கே காட்டில் அழியும் நிலையில் இருக்கிறது. ஒரு ஜோடியின் விலையில் காக்டெயில் ஐந்தாறு ஜோடி வாங்கலாம். ஒரு ஜோடி மட்டும் வாங்கினால், அதில் ஒன்று செத்தால் தொழிலே செத்தது. குஞ்சாக வாங்கினால் இரண்டு வருடம் பணம் முடங்கும். கடன் வாங்கி வாங்குகிறவர் அந்த இரண்டு வருடமும் வட்டி கட்டுவார், பறவைக்கு அது தெரியாது.

சத்தத்தைப் பற்றி எழுதிப் புரியவைக்க முடியாது. வளர்க்கிறவர் வீட்டுக்குக் காலை ஆறரைக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

## சட்டம்

முதலில் ஒன்று. பச்சைக்கிளி, மைனா, தினைக்குருவி போன்ற நம் நாட்டுப் பறவைகளை வளர்ப்பதும் விற்பதும் குற்றம். கிளி ஜோசியக்காரரையே வனத்துறை பிடிக்கிறது, நம்மை விடுமா? கடைக்காரர் "எல்லாரும் வச்சிருக்காங்க" என்று சொன்னால் அவரிடம் வேறு எதையும்கூட வாங்காதீர்கள்.

அடுத்தது வெளிநாட்டுப் பறவைகள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. மத்திய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குஞ்சு பொரித்தால், செத்தால், கை மாறினால் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

பட்ஜி, காக்டெயில், பீச் ஃபேஸ் லவ் பேர்ட் மூன்றும் அந்தப் பட்டியலுக்கு வெளியே. ஜீப்ரா ஃபிஞ்சும் அதில் இல்லை. ஆனால் ஃபிஷர், மாஸ்க் போன்ற மற்ற லவ் பேர்ட் ரகங்கள் உள்ளே. கனூரும் உள்ளே. ஃபிஞ்ச்தானே என்று சேர்த்து வாங்கும் ஜாவா குருவியும் உள்ளே, பலருக்கு இது தெரியாது. பகுதிநேரமாகச் செய்கிறவருக்கு இந்தப் பதிவு வேலையும் ஒரு செலவுதான். பதிவு எண் இல்லாமல் விற்கிறவரிடம் வாங்கினால் அந்தச் சிக்கல் உங்கள் வீட்டுக்கு வரும். பெயர்ப் பலகை மாட்டிக் கடையாக நடத்த நினைத்தால் 2018ஆம் ஆண்டு வந்த பெட் ஷாப் விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் தனியாகப் பதிய வேண்டும்.

## அந்தத் தம்பி வாங்கியது

அவர் வீட்டில் அம்மா பகலில் இருக்கிறார், சொந்த வீடு, மாடியில் ஓடு வேய்ந்த ஒரு சாய்ப்பு. கூரியர் பை தூக்கி நாளுக்கு அறுபது எழுபது வீட்டு வாசலில் நிற்கிறவர். எனக்கு இல்லாத வசதி அது: விற்கும் இடம் அவர் கூடவே நடக்கிறது. இரண்டு ஜோடி சாம்பல் காக்டெயில், ஏறக்குறைய ஒன்றரை வயது, ஒன்றுக்கொன்று உறவில்லாதவையாக இரண்டு வெவ்வேறு இடத்தில் வாங்கினோம். கூடவே கை பழக இரண்டு ஜோடி பட்ஜி. கூண்டுக்கான வலை புதிதாக மினுமினுத்தது. துத்தநாகப் பூச்சைக் கொறித்துவிடப் போகிறது என்று வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவி ஒரு வாரம் வெயிலில் போட்டோம். கனூருக்கென்று வைத்திருந்த ஆசையைப் போன் வால்பேப்பராக மாற்றிக்கொண்டார்.

வெயில் இன்னும் தணியவில்லை. சாய்ப்பின் ஓட்டுக்கு மேல் தென்னங்கீற்று பரப்பி, மதியம் அவர் அம்மா ஈரச்சாக்கு தொங்கவிடுகிறார். இந்தச் சூட்டில் முட்டை வைத்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். பெட்டிகள் செய்து தயாராகக் கிடக்கின்றன. ஆவணி பிறந்ததும் மாட்டலாம் என்றிருக்கிறோம்.